கடலுக்கு முதுகு காட்டிய சனிக்கிழமைகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரான்சின் நீஸ் நகருக்குப் போகும் சிங்கப்பூர் மாணவர்களை வார இறுதியில் நீஸில் பார்ப்பது அரிது. வெள்ளிக்கிழமை மாலையே முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ரோம், பார்சலோனா, லிஸ்பன் என்று மலிவுக் கட்டண விமானத்தில் பறந்துவிடுவார்கள். விமான நிலையம் கடலோரத்திலேயே இருக்கிறது. டிராமில் ஏறினால் வாசலில் இறக்கிவிடும். ஒரே பருவத்தில் பன்னிரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

நான் பார்த்தது ஒரு நாட்டின் ஒரு மூலையை மட்டும். ஆகஸ்டு இறுதியிலிருந்து டிசம்பர் வரை பெரும்பாலான சனிக்கிழமைகளில் பேருந்திலோ ரயிலிலோ ஏறி, நீஸுக்குப் பின்னால் இருக்கும் மலையூர்களுக்குப் போய் வந்தேன். முதல் காரணம் பணம். துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த தொகை விமானச் சீட்டுகளுக்குத் தாங்காது. இரண்டாவது காரணம், எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த அம்மையார்.

அவருக்கு எழுபது வயதுக்குமேல் ஆகிறது. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் அழைத்தபடி இங்கேயும் மதாம் என்றே எழுதுகிறேன். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், கடற்கரைக்குப் போய் வந்த கதையை என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். “கடலை எல்லாரும் பார்க்கிறார்கள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். தமிழைப் போலவே பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு. ஐம்பது வயது இளையவரான என்னை அவர் ‘நீங்கள்’ என்றே அழைத்தார். அது மரியாதையும்தான், தள்ளி நிற்கச் சொல்வதும்தான்.

மறுநாள் திரும்பி நின்று பார்த்தேன். 1820களில் குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் பணம் திரட்டிப் போட்ட நடைபாதைதான் இன்று நீஸின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலை. அதில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டினால், ஹோட்டல் கூரைகளுக்கு மேலே மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் பின்னால் ஆல்ப்ஸ் சிகரங்கள். சமவெளி என்று சொல்ல ஒரு கையகலம்தான் இருக்கிறது.

சட்டை அல்ல, சொக்கா

மலை ஏறுவதற்கு முன்னால் சந்தையில் சாப்பிட்ட ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனெனில் மலையூர்ச் சமையலின் சூத்திரம் முழுவதும் அதில் இருக்கிறது.

பழைய நீஸில் ‘கூர் சலேயா’ என்ற திறந்தவெளிச் சந்தை இருக்கிறது. திங்கட்கிழமை பழம்பொருள் சந்தை, மற்ற நாள்களில் காய்கறியும் பூவும். அங்கேயும் சுற்றியுள்ள சந்துகளிலும் ‘சொக்கா’ என்று எழுதிப்போட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்குச் சொக்கா என்றால் சட்டை. இவர்களுக்கு அது கொண்டைக்கடலை மாவில் செய்த தின்பண்டம்.

மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய். வேறெதுவும் கிடையாது. தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துச் சில மணி நேரம் வைத்திருந்து, டிரைஷா சக்கரம் அளவுக்கு அகன்ற செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு எரியும் அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். சில நிமிடங்களில் மேலே கொப்புளம் கொப்புளமாகக் கருகி, உள்ளே கூழ்ப்பதத்தில் இருக்கும்போது எடுத்து, கரண்டியால் சுரண்டித் துண்டுபோட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக் காகிதத்தில் தருவார்கள். கையால்தான் சாப்பிடவேண்டும். முள்கரண்டி கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிரான்சில் முதல்முறையாகக் கையால் சாப்பிட்டதே எனக்குப் பாதிப் பசியைத் தீர்த்துவிட்டது. ஒரு பங்கு நம் பணத்துக்கு ஐந்தாறு வெள்ளி. அந்நகரில் அந்த விலைக்கு வயிறு நிறைய வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த தோழி ஒருத்தி சைவம். ‘பஜ்ஜி மாவைத் தோசையாக ஊற்றியிருக்கிறார்கள்’ என்பது அவள் தீர்ப்பு. தவறில்லை. ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்களும் கட்டட வேலையாள்களும் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன உணவு இது. எல்லையைத் தாண்டி இத்தாலியின் ஜெனோவா பக்கம் போனால் இதற்கு ‘ஃபரினாத்தா’ என்று பெயர். அதுவும் தற்செயல் அல்ல. 1388லிருந்து, இடையில் சில பிரெஞ்சு ஆட்சிக்காலங்களைத் தவிர்த்து, நீஸ் சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1860ல்தான் அது பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி 1807ல் இந்த நகரில்தான் பிறந்தார். தம் பிறந்த ஊர் பிரான்சுக்குப் போனதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. பழைய நீஸின் தெருப்பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே ‘நிசார்’ மொழியும் இருக்கும். இது ஆக்சிதான் மொழியின் உள்ளூர் வடிவம். மதாமின் அம்மா வீட்டில் பேசிய மொழி அதுதான். மதாமுக்குப் புரியும். அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் நமக்கு இந்த மூன்று தலைமுறைக் கணக்கை விளக்கவேண்டியதில்லை.

ஏஸ்: அழகு, ஆனால்

நீஸ் வருகிற எல்லாரும் போகும் மலையூர் ஏஸ். கடல் மட்டத்திலிருந்து 429 மீட்டர் உயரத்தில், பாறையின் உச்சியில் கழுகுக்கூடு போல உட்கார்ந்திருக்கிறது. பேருந்து நேரே போகும். நானும் தோழியும் கீழே கடலோர ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே ஏறினோம். அந்தப் பாதைக்கு ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1883லிருந்து ஐந்து குளிர்காலங்களை அவர் நீஸில் கழித்தார். தம் ‘ஜரதுஷ்டிரன் இவ்வாறு கூறினான்’ நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு முக்கியப் பகுதி இந்த ஏற்றத்தில் உருவானது என்று பின்னர் எழுதியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் சரளைக்கல்லில் மேலே மேலே போகும் பாதை. எனக்குத் தத்துவம் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் மட்டுமே நினைவிலிருந்தது.

மேலே போனதும் ஒரு கேள்வி எழும்: வயலும் கடலும் கீழே இருக்க, இவர்கள் ஏன் இவ்வளவு உயரத்தில் வீடு கட்டினார்கள்?

கடற்கொள்ளையருக்குப் பயந்து என்பது வழிகாட்டிகள் சொல்லும் பதில். அதில் உண்மை உண்டு. பத்தாம் நூற்றாண்டில் இந்தக் கரையோரத்தில் சாரசென்கள் எனப்பட்ட முஸ்லிம் படையினர் தளம் அமைத்துச் சூறையாடினர். 1543ல் பிரெஞ்சுப் படையும் ஒட்டோமான் கடற்படையும் கைகோத்து நீஸையே முற்றுகையிட்டன. ஆனால் பக்கத்துப் பிரபுக்களின் ஓயாத சண்டையும் ஒரு காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சிதறிக் கிடந்த குடியானவர்களை ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தால் பாதுகாப்பதும் எளிது, வரி வசூலிப்பதும் எளிது. ஏஸ் எத்தனையோ கைகள் மாறியது. 1706ல் பதினான்காம் லூயி மன்னரின் படை அதன் கோட்டையை இடித்துத் தள்ளியது. கோட்டை நின்ற இடத்தில் இன்று கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கொடுத்து ஏறினால் கீழே நீலக் கடல் விரியும் காட்சி உண்மையிலேயே மூச்சை அடைக்கும்.

ஆனால் கீழே இறங்கிச் சந்துகளில் நடந்தபோது எனக்கு ஏதோ குறைந்தது. கல் படிகள், வளைவுகள், பூந்தொட்டிகள் எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தன. கதவுக்குக் கதவு ஓவியக்கூடம், வாசனைத் திரவியக் கடை, விலை உயர்ந்த விடுதி. நாங்கள் நடந்த வழியில் ஒரு வீட்டிலும் துணி காயவில்லை. ஒரு சமையலறையிலிருந்தும் வெங்காயம் வதங்கும் வாசனை வரவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியதும் ஊரே நாடகம் முடிந்த மேடைபோல ஆகிவிட்டது.

நீஸுக்கு மேற்கே இருக்கும் செயின்ட் பால் த வான்ஸ் ஊரும் ஏறக்குறைய இப்படித்தான். ஓவியர் மார்க் சகால் 1985ல் காலமாகி அடக்கமானது அங்கே. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1987ல் இறக்கும்வரை வாழ்ந்ததும் அங்கேதான். கலையில் ஆர்வம் இருந்தால் போகலாம். எனக்கு ஒரு முறை போதும் என்று தோன்றியது.

இதை மதாமிடம் சொன்னபோது, “ஏஸுக்கு யார் போகச் சொன்னது? பேய்க்குப் போங்கள்” என்றார்.

பேய்

சிரிக்காதீர்கள். ஊரின் பெயரே அதுதான். பிரெஞ்சில் எழுதும்போது எழுத்துகள் நீளும், உச்சரித்தால் ‘பேய்’. பக்கத்து ஊர் ‘பேயோன்’. வீட்டுக்குத் தொலைபேசியில் “நாளைக்குப் பேய்க்குப் போகிறேன்” என்று சொன்னதும் அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை.

நீஸிலிருந்து மலைக்குள் செல்லும் ரயில்பாதை, இத்தாலியின் கூனியோ நகரை நோக்கி 1928ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பாலங்கள் தகர்ந்து, 1979ல்தான் மீண்டும் முழுப் பாதையும் ஓடத் தொடங்கியது. அதில் ஏறி அரைமணி நேரத்துக்குள் பேயோனின் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். வழிநெடுக அஞ்சலட்டைக் காட்சிதான் என்று நினைக்கவேண்டாம். பள்ளத்தாக்கில் கல்லுடைக்கும் குவாரியும் சிமெண்ட் ஆலையும் இருக்கின்றன. ரயில் சன்னலில் வெள்ளைத் தூசி படிந்த இலைகளைப் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆலை இருந்தால் வேலைக்குப் போகிற மனிதர்களும் இருப்பார்கள் அல்லவா?

நிலையத்திலிருந்து பேயோனுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஏற்றம். ஊருக்குள் கார் போக வழியில்லை, எல்லாம் படிகள். அங்கிருந்து பேய் ஊருக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய இரண்டு மணி நேர நடை. இந்த வழியில்தான் நான் முதன்முதலாக அடுக்கு நிலங்களை அருகில் பார்த்தேன். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சாந்து இல்லாததால் மழைநீர் கற்களுக்கிடையே கசிந்து வெளியேறிவிடும், சுவர் சரியாது. இப்படிக் கல் அடுக்கும் கலையை 2018ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சோடு இத்தாலி, கிரீஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு அப்போது அந்தப் பெருமை கிடைத்தது. ஆனால் நான் பார்த்த சுவர்களில் பாதி இடிந்து கிடந்தது. இடிந்த கற்களுக்கு நடுவே ஆலிவ் மரங்கள் முள்புதருக்குள் மூழ்கியிருந்தன.

பேய் ஊரில் துணி காய்ந்தது. ஒரு சன்னலில் வானொலி பாடியது. இரண்டு சிறுவர்கள் கோயில் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். காப்பிக்கடையில் நுழைந்ததும் உள்ளே இருந்த நால்வரும் “பொன்ஜூர்” என்றார்கள். அங்கே அதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தால் காப்பி வருவதற்கு வெகுநேரமாகும். வாயைத் திறந்து வணக்கம் சொல்வது பிரான்சில் எந்தக் கடைக்கும் நுழைவுச்சீட்டு.

பிறகு போன ஏறக்குறைய ஒவ்வொரு மலையூரிலும் ஒரே மாதிரியான ஒன்றைக் கண்டேன். சதுக்கத்திலோ கோயில் பக்கத்திலோ ஒரு கல் தூண். அதில் 1914-1918 என்று போட்டு, முதல் உலகப்போரில் மாண்டவர்களின் பெயர்கள். ஊரில் நாற்பது வீடுகூட இருக்காது, பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரே குடும்பப் பெயர் மூன்று, நான்கு முறை வரும். அண்ணன் தம்பிகளா, சிற்றப்பன் மகன்களா என்று யோசித்துக்கொண்டே படிப்பேன். சுவரை மறுபடி அடுக்க வேண்டிய கைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. மிஞ்சியவர்களைக் கடற்கரை இழுத்துக்கொண்டது. நீஸுக்கு ரயில் வந்தது 1864ல். அதன்பின் ஹோட்டல்கள் பெருகின. பாத்திரம் கழுவ, படுக்கை விரிக்க, தோட்டம் போட ஆள் வேண்டியிருந்தது. பயத்தால் மேலே ஏறிய ஊர்கள், கூலிக்காகக் கீழே இறங்கின.

மதாமின் அப்பாவும் அப்படித்தான் இறங்கினார், 1950களில், ஒரு ஹோட்டல் சமையலறைக்கு. மதாமுக்கு அப்போது எட்டு வயது.

மீந்ததில் பிறந்த சமையல்

அக்டோபர் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாம் என்னைச் சமையலறைக்குள் அழைத்தார். மேசைமேல் ஒரு கட்டுக் கீரை. பீட்ரூட்டின் நெருங்கிய உறவு அது; கிழங்குக்குப் பதில் இலைக்காக வளர்ப்பது. இங்கே பேரங்காடியில் ‘ஸ்விஸ் சார்ட்’ என்று விற்கிறார்கள். பொரியலோ கூட்டோ போலத்தான் ஏதோ செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சர்க்கரை டப்பாவை எடுத்தார்.

இலைகளை மெல்லிசாக நறுக்கி, கசப்பும் பச்சைச் சாறும் போகத் தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி அலசி, மறுபடி பிழியவேண்டும். அன்று என் வேலை பிழிவது. ஐந்து முறை. பிறகு அதில் உலர்திராட்சை, பைன் கொட்டை, சர்க்கரை, முட்டை, கொஞ்சம் துருவிய பாலாடைக்கட்டி. இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே பரப்பி, ஆப்பிள் துண்டுகளை அடுக்கி, அடுப்பில் வேகவைத்து, மேலே பொடிச் சர்க்கரை தூவினார். பெயர் ‘தூர்த் த ப்ளெத்’. சாப்பாட்டின் முடிவில் இனிப்பாகப் பரிமாறுவார்கள். கீரையை இனிப்பாகச் சாப்பிடுவதா என்று தயங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். முதல் வாய் குழப்பமாக இருக்கும். மூன்றாவது வாயில் இன்னொரு துண்டு எங்கே என்று கண் தேடும்.

நீஸ்காரர்கள் இந்தக் கீரையை எவ்வளவு தின்பார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஒரு பழைய பட்டப்பெயர் இருக்கிறது. அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மாணவர்கள் படிக்கும் பக்கத்தில் அதன் பொருளை எழுத ஆசிரியர் விடமாட்டார்.

மலையூர்ச் சமையலின் சூத்திரம் என்று முன்னே சொன்னது இதைத்தான்: கையில் இருப்பது கொஞ்சம், அதில் எதையும் எறியக்கூடாது. காய்ந்துபோன ரொட்டியைத் தக்காளிச் சாற்றிலும் ஆலிவ் எண்ணெயிலும் ஊறவைத்துச் சாப்பிட்டதிலிருந்து வந்தது ‘பான் பன்யா’. பெயருக்குப் பொருளே குளித்த ரொட்டி. இப்போது வட்ட ரொட்டிக்குள் தக்காளி, அவித்த முட்டை, முள்ளங்கி, ஆலிவ், சூரை மீன் அல்லது நெத்திலி வைத்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சிக் குழம்பில் மீந்ததைக் கீரையோடு அரைத்து, மறுநாள் ரவியோலிக்குள் அடைப்பார்கள். அதிலும் மீந்தால் கத்திரிக்காய், தக்காளி, உருண்டைச் சுரைக்காய் ஆகியவற்றைக் குடைந்து அதற்குள் போகும். ‘பிஸ்ஸலாதியேர்’ பார்வைக்குப் பீட்சா மாதிரி. தக்காளியும் பாலாடைக்கட்டியும் கிடையாது. மணிக்கணக்கில் வதக்கிய வெங்காயமும் உப்பிட்ட நெத்திலியும்தான்.

சைவ வாசகர்களுக்குத் தோழியின் அனுபவத்திலிருந்து ஒரு குறிப்பு: ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. நெத்திலியை இங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். சொக்கா, அதே கடலை மாவைக் கிண்டி ஆறவைத்துப் பொரித்த ‘பனிஸ்’, செப்டம்பரில் கிடைக்கும் சுரைப்பூ பஜ்ஜி ஆகியவற்றில் அவள் நான்கு மாதத்தை ஓட்டினாள். மலையூர்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். அதன்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

உலகம் முழுக்கப் பரவிய நீஸ் சாலட்டைப் பற்றி மதாமிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. அதில் உருளைக்கிழங்கும் அவித்த பீன்ஸும் போடலாமா என்பது அங்கே குடும்பச் சண்டை அளவுக்குப் போகும் விவகாரம். கூடாது என்ற கட்சியின் வேதநூல், நீஸ் மேயராக இருந்த ஜாக் மெத்சன் 1972ல் வெளியிட்ட சமையல் புத்தகம். முட்டையைத் தவிர அவித்த எதற்கும் அதில் இடமில்லை. அதே மேயர் ஊழல் வழக்குகள் துரத்த 1990ல் உருகுவேக்கு ஓடிப்போனார். மதாம் அவருக்கு ஒருமுறையும் ஓட்டுப் போட்டதில்லையாம். புத்தகம் மட்டும் எண்ணெய்க் கறையோடு அலமாரியில் இருக்கிறது.

நவம்பரில் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு வாசனை அடித்தது. நம் வீட்டில் கருவாடு எடுத்தால் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்துவார்களே, அதே வாசனை. நார்வே நாட்டிலிருந்து வரும் காய்ந்த காட் மீன், கட்டைபோல விறைத்திருக்கும். தினம் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் ஊறவைத்துத் தக்காளி, பூண்டு, ஆலிவ், உருளைக்கிழங்கோடு குழம்பாக வைத்தார். கீழ் வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் காட்டினார். நான் மூன்று தட்டுச் சாப்பிட்டேன். அன்றுதான் மதாம் என்னை முதன்முறையாக ‘நீ’ என்றார். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறாயா?”

வீடு

டிசம்பர் முதல் வாரம் மதாம் தம் ஊருக்கு அழைத்துப் போனார். பேய் ஊருக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர். மூன்று மாடி என்று சொன்னாலும் மாடிக்கு ஓர் அறைதான். கீழறை கோவேறு கழுதைக்கு இருந்தது, இப்போது பழைய சட்டிகளும் வலைகளும். வீட்டுக்குக் கீழே நான்கு அடுக்கு நிலம், பத்தொன்பது ஆலிவ் மரங்கள்.

அங்கே விளைவது ‘கையெத்தியே’ என்ற வகை. சிறிய காய், நீஸ் ஆலிவுக்கு 2001லிருந்து பிரான்சில் சட்டப்படியான பிறப்பிடச் சான்று உண்டு. மரத்தடியில் வலையை விரித்து, நீண்ட கழியால் கிளைகளைத் தட்டினோம். மதாம், நான், நீஸில் இருக்கும் அவர் அண்ணன். பச்சையும் கருநீலமுமாகக் காய்கள் மழைபோலக் கொட்டின. இலையைப் பொறுக்கி எடுப்பது முதுகை உடைக்கும் வேலை.

மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடும்போது பேச்சு தடித்தது. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். வீடு மூன்று உடன்பிறப்புகளுக்கும் பொது. பிரெஞ்சுச் சட்டம் பிள்ளைகளுக்குப் பங்கை உறுதிசெய்கிறது; பொதுச் சொத்தில் ஒருவர் பிரித்துக் கேட்டால் மற்றவர்கள் என்றைக்கும் தள்ளிப்போட முடியாது. லியோனில் இருக்கும் தம்பி விற்கச் சொல்கிறார். அண்ணன் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறார். இங்கிருந்து மொனாக்கோ தொலைவில்லை. தினமும் பல்லாயிரம் பேர் பிரான்சிலிருந்து அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மதாம் இரண்டுக்கும் ஒப்பவில்லை. ஆனால் கூரையைச் செப்பனிட அவரிடம் பணமும் இல்லை.

நான் மனத்துக்குள் மதாமின் கட்சி. ஆனால் அண்ணன் சொன்ன ஒரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வாடகைக்கு விட்டால் கோடையிலாவது விளக்கு எரியும். பூட்டி வைத்த வீட்டால் ஊருக்கு என்ன பயன்? அந்த ஊரில் கடைசி மளிகைக் கடை மூடியபோது, ஊராட்சியே கட்டடத்தை வாங்கி ஒரு இளம் தம்பதியிடம் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறது. ரொட்டி, தபால், காப்பி எல்லாம் ஒரே கூரையின்கீழ். பிரான்சின் பல சிற்றூர்கள் இப்படித்தான் மூச்சுவிடுகின்றன. அந்தக் கடைக்கும் ஆள் வரவேண்டும் அல்லவா? ஏஸைப் பார்த்து முகம் சுளித்த நான், அங்கே போகும் வழியில் எங்கே நின்றுகொள்ளலாம் என்று யாரிடம் சொல்வது?

மாலையில் காய்களைப் பள்ளத்தாக்கில் இருக்கும் செக்குக்குக் கொண்டுபோனோம். எடை போட்டார்கள்: 92 கிலோ. நகர்ப்புறத்திலிருந்து ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சாய்ந்த வெயிலில் நின்று கால் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்ததில், யார் மரத்தில் இந்த ஆண்டு பூச்சி விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் முறை வந்தபோது இருட்டிவிட்டது. குழாயிலிருந்து எண்ணெய் பச்சையாகக் கலங்கி வந்தது. செக்குக்காரர் ரொட்டித் துண்டில் ஊற்றிக் கொடுத்தார். பாதாம் வாசனை அடித்து, கடைசியில் தொண்டையில் இலேசாகக் காரம்.

பதினெட்டு லிட்டர் கிடைத்தது. மதாம் மூன்று கலன்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் சரியாக ஆறு லிட்டர் அளந்து, மூடியை இறுக்கி, மூன்றிலும் பெயர் எழுதினார். தம்பியின் கலனுக்கு இரண்டு முறை துணி சுற்றினார், லியோன்வரை போகவேண்டுமே. பிறகு தம் பங்கிலிருந்து அரை லிட்டர் எடுத்து என் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றினார்.

வீட்டைப் பற்றி ஈஸ்டர் விடுமுறையில் மூவரும் உட்கார்ந்து பேசுவதாக முடிவாயிற்று. நான் டிசம்பர் 20 விமானம் ஏறினேன்.